பசியோடு போனது

மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறிந்த பழம் ஒன்றை என் கணவர் எம்பிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது காரைக்காலில் நம்பிக்கை. நறுக்கி நீட்டினார். எனக்கு ஆசையே எழவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. எடை குறைய வாராவாரம் போட்டுக்கொள்ளும் ஊசி, பசியை மட்டுமா கொண்டுபோனது? சில மாதங்களாக அவர் தொட்டாலும் எனக்கு இப்படித்தானே இருக்கிறது.

அவரிடம் சொன்னேன்.

“ஊசி புருஷனையுமா மறக்கடிக்கும்? ஒல்லியானதும் என்னையப் புடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“அதில்லீங்க.”

சிரித்தபடி தொப்பையைத் தட்டிக்கொண்டார். அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

போனில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். “சிலருக்கு அந்த ஆசை குறையுது, சிலருக்குக் கூடுது. உறுதியா சொல்ல முடியாதும்மா. குழந்தை வேணும்னா ஊசிய முன்னாடியே நிறுத்தணும்” என்றார். நிறுத்தினால் எடை திரும்பிவிடும். ஆசை திரும்புமா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை.

அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். நான் சொல்லி நம்பாததை டாக்டரம்மா சொல்லியாவது நம்புகிறாரா, பார்க்கிறேன்.