போக்ஸ் கம்பிக் கொக்கி

2011 செப்டம்பர் 6: உயரமானி ஒன்று, முள் உடைந்தது — 1,850
2012 பிப்ரவரி 20: விமானி இருக்கை, எடைக்கு — 3,120
2013 ஜூன் 3: பிளைவுட், பதினோரு பலகை — 14,300
2015 அக்டோபர் 28: பழைய கணினித் திரை மூன்று — 9,000
2017 ஆகஸ்ட் 12: கதவுக் கீல் இரண்டு — 90
2017 ஆகஸ்ட் 21: சைக்கிள் போக்ஸ் கம்பி இரண்டு — 10

என் அத்தானின் கார் ஷெட்டுக்கு ஆன செலவுப் பட்டியலில் மொத்தம் 214 வரிகள் உண்டு. நான் சொல்ல வந்தது கடைசி இரண்டு வரிகளைப் பற்றி.

அத்தான் என் அக்காவின் கணவர். விமானப் பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் கருவி மெக்கானிக். விமானியின் கண்ணெதிரே வட்டவட்டமாக இருக்கும் கருவிகளில் எது கெட்டாலும் கழற்றிவந்து பழுது பார்த்து மறுபடி மாட்டுவது அவர் வேலை. நான் அதே பணிமனையில் ஆவணப் பிரிவில் இருந்தேன். விமானம் இறங்கியதும் விமானி பழுதுச் சீட்டு எழுதுவார். அது என் மேஜைக்கு வந்து, எண் வாங்கிக்கொண்டு, அத்தான் கைக்குப் போகும். அவர் பெயரில் முடிந்த சீட்டுகள் 2,416. 'முள் நடுங்குகிறது.' 'கண்ணாடிக்குள் ஈரம்.' 'இருநூறு அடி கூடக் காட்டுகிறது.' எல்லாம் இப்படித்தான். சரியாக இருக்கிறது என்று எழுத அந்தச் சீட்டில் இடமே கிடையாது.

2011 ஜூலை 31இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழாம் நாள் உடைந்த உயரமானியோடு வீட்டுக்கு வந்தார். அவர் முதன்முதலில் வேலை பழகிய இரட்டை இஞ்சின் விசிறி விமானங்களை 1984லேயே உடைத்து எடைக்குப் போட்டாயிற்று. அந்த ரகத்தின் விமானி அறையைக் கார் ஷெட்டில் கட்டப்போவதாகச் சொன்னார். கார் தெருவுக்குப் போனது.

"கார் வெயில்ல காயுது, விமானம் நிழல்ல தூங்குது. கேக்க ஆள் இல்ல" என்றாள் அக்கா. எதிர்வீட்டுக்காரர், "எங்கம்மா போகுது இந்த பிளேன்?" என்று கேட்டபோது, "எங்கயும் போகாது. ரிட்டயர் ஆன மனுஷனைத் தேடிக்கிட்டு அலைய வேண்டாம் பாருங்க, அதான் நிம்மதி" என்றாள்.

பிளைவுட்டில் எலும்புக்கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு. உள்ளே மங்கிய பச்சை. அந்தப் பச்சைக்காக ஐந்து முறை பெயின்ட் கலந்தார். கருவிகளின் முள்களைச் சின்ன மோட்டார்கள் அசைத்தன. முன்கண்ணாடிக்கு வெளியே மூன்று திரைகளில் ஓடுபாதை தெரியும். நெம்புகோலைத் தள்ளினால் இஞ்சின் உறுமும், ஓடுபாதை பின்னால் ஓடும், உயரமானி ஏறத் தொடங்கும்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. வரைபடமோ, உதிரிபாகப் புத்தகமோ, பழுதுச் சீட்டோ, ஏதாவது ஒரு தாளில் இருந்தால்தான் அந்தப் பொருள் விமானத்தில் ஏறும். விதியைப் போட்டவன் நான். 2014இல் ஒருநாள் அத்தான் இடப்பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க ஒரு கொக்கி இருந்துச்சு மச்சான்."

"பேப்பர் இருக்கா அத்தான்?"

"இல்ல."

"அப்ப கொக்கியும் இல்ல."

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

அந்த விமானத்தை ஓட்டியவர்களில் எங்களுக்குத் தெரிந்து உயிரோடு இருந்தவர் ஒரு கேப்டன் மட்டுமே. ஒரு பகல் ரயில் பயணத்தில் இருக்கும் ஊரில் மகளோடு இருந்தார். சந்தேகம் கேட்டு அத்தான் எழுதுவார். அவர் பதில் போடுவார். ஆறாவது பதில் 2017 ஜூலையில் வந்தது. டிசம்பருக்குள் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார், என்னை உட்காரவைத்துப் பார்ப்பதானால் இப்போதே கூப்பிடு, தப்பாக இருந்தால் தப்பு என்றுதான் சொல்வேன் என்று எழுதியிருந்தார்.

அத்தான் அதை மூன்று முறை படித்தார். அன்று சாப்பிடும்போதும் சட்டைப்பையில் கடிதம் இருந்தது.

"உங்களுக்கு என்ன, யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும், அவ்வளவுதானே?" என்றாள் அக்கா. "நான் சொல்றேன். சரி, சரி, சரி. போதுமா?"

"நீ கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் சொல்ற. பேச்சை முடிக்கிறதுக்கு."

"பின்ன, உங்ககிட்ட பேச்சை வேற எப்படிங்க முடிக்கிறது?"

அவரும் சிரித்தார். ஆனால் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. முந்தின நாள் காலை கேப்டனின் மகள் போன் செய்தார். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது, ஏறி இறங்க முடியுமா என்று கேட்டார். முடியாது. பின்பக்கமாக நுழைந்து, இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் காலைத் தூக்கிப் போட்டுத்தான் உட்கார வேண்டும். அத்தான் போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். ரம்பத்தை எடுத்து இடப்பக்கச் சுவரில் வைத்தார்.

"அத்தான், அந்த விமானத்துல அங்க கதவு கிடையாது!"

"தெரியும்."

"ஆறு வருஷ வேலை!"

"அந்த மனுஷன் உள்ள வரலேன்னா இது வெறும் பெட்டி மச்சான். பலகையைப் பிடி."

பிடித்தேன். அறுத்த துண்டையே கதவாக்கி இரண்டு கீல் போட்டார்.

கேப்டன் மறுநாள் பதினொன்றே காலுக்கு வந்தார். வயது எண்பத்து நான்கு. அத்தான் அவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, காலை மெல்ல உள்ளே திருப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். கேப்டன் கருவிகளைக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலது கை நெம்புகோல்களுக்குப் போயிற்று. ஒன்றைக்கூடத் தேடவில்லை. இஞ்சின் உறுமியது. திரையில் விமானம் எழும்பியது. அத்தான் வெளியே நின்று கேப்டனின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவாயிரம் அடியில் கேப்டனின் இடது கை கதவுப் பக்கம் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே தடவியது. மறுபடி தடவியது. அங்கேயே நின்றது.

"ஒண்ணு குறையுதே."

"என்ன சார்?" என்று அத்தான் ஜன்னலருகே குனிந்தார்.

"இங்க ஒரு கொக்கி இருக்கும். என் டீ பிளாஸ்க் மாட்டுறது. அதுக்கு முன்னாடி பிளாஸ்க் கால் மிதிக்கிற எடத்துல உருண்டுக்கிட்டே இருக்கும். சீட்டுகூட எழுதிக் கொடுத்தேன். 'இது விமானத்தின் பழுது அல்ல'ன்னு எவனோ ஒரு புண்ணியவான் திருப்பி அனுப்பிட்டான்."

"நான்தான் சார்" என்றேன்.

"ஓ. அப்ப கொக்கி போட்டது?"

"நான் சார்" என்றார் அத்தான். "சீட்டு இல்லாததால யாருக்கும் தெரியாம போட்டேன். இங்கயும் போடலாம்னு பாத்தேன். இவன் பேப்பர் கேட்டான்."

கேப்டன் சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் அவசரப்படுத்தினார். காலைத் திருப்பி, தோளைப் பிடித்து, காரில் ஏற்றி அனுப்பினோம். ஓட்டியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"இரண்டாயிரத்து நானூத்துப் பதினேழாவது சீட்டு" என்றேன், வாய் சும்மா இல்லாமல்.

"வாயை மூடுடா" என்றாள் அக்கா.

ஒரு வாரம் அத்தான் ஷெட்டைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு போக்ஸ் கம்பி வாங்கிவந்தார். இரண்டையும் ஒரே குறட்டில் ஒரே மாதிரி வளைத்தார். ஒன்றைக் கதவில் திருகினார். நான் பேப்பர் கேட்கவில்லை. மற்றதைத் துணியில் சுற்றிக் கேப்டனுக்குத் தபாலில் அனுப்பினார். போட்டோ அனுப்பி என்ன பயன்? கொக்கியென்றால் கையால் பார்த்துக்கொள்வார்.

பதில் வந்தது. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததால் அத்தானும் நானும் சேர்ந்துதான் படிக்க முடிந்தது.

'கொக்கி கிடைத்தது. அதே வளைவு. கட்டிலோரம் அடித்து பிளாஸ்கை மாட்டிவிட்டேன். மற்றதெல்லாம் சரி. உட்கார்ந்த உடனே தெரிந்துவிட்டது. சரியாக இருந்தால் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லையே அப்பா.'

அத்தான் கடிதத்தை என்னிடம் நீட்டி, "இந்தா மச்சான், கொக்கிக்கு பேப்பர்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப வாங்கித் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அக்டோபரில் கேப்டனின் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதன்பின் அவர் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் அத்தானின் பையிலேயே தங்கிவிட்டதால் என் கோப்பில் அது இல்லை. வந்த தேதி மட்டும் இருக்கிறது: 2017 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை.