பூசைச் சேவலும் வெள்ளரிப் பிஞ்சும்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடம் தயங்கினேன். காவல் தெய்வத்தின் பூசையில் நடந்த கூத்தை வெளியே சொன்னால் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்ற பயம். இப்போது சொல்லாமல் விடுவதுதான் குற்றம் என்று படுகிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க்கரைச் சாமிக்கு ஆண்கள் மட்டும் போய்ச் சேவல் அறுத்து, அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். என் மகளுக்குப் பேசி வைத்திருந்த பரமக்குடி மாப்பிள்ளையின் தகப்பனாரையும் அந்த வருடம் அழைத்திருந்தேன். பரிசம் போட ஒரு வாரம்தான் இருந்தது.

வீட்டில் வெந்நீர்கூட வைத்தறியாத நான் அன்று தலைமைச் சமையல்காரன். கண்மாய் வற்றிக் கிடந்தது; வண்டியில் கொண்டுபோன ஓர் அண்டாத் தண்ணீர்தான். அறுத்த சேவல்களை அதில் அலசினேன். அதே தண்ணீரில் வெள்ளரிப் பிஞ்சுகளையும் அலசி, கறி வெட்டிய கட்டையிலேயே நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினேன். சாமிக்கு விட்ட சேவல் பட்ட தண்ணீரில் அசுத்தம் ஏது என்று நினைப்பு. குழம்பு கொதிக்கும்வரை பசி தாங்காத சம்பந்தி வெள்ளரியை ஒரு கை பார்த்தார். மற்றவர்களும் சளைக்கவில்லை.

மறுநாள் மத்தியானத்திலிருந்து அத்தனை பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. சம்பந்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஆள் வந்தது. ஓடினேன். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. பரிமாறி முடித்த எனக்கு மிஞ்சியது சோறும் குழம்பும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

"நான் விரதத்துல குறை வைக்கல, அதான் சாமி என்னைய விட்ருச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப குறை வச்சவன் நானு. இந்தச் சம்பந்தத்த யோசிக்கணும்."

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சமைத்தீர்கள், எப்படிக் கழுவினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒளிக்காமல் சொன்னேன்.

"பச்சைக் கோழியில கிருமி இருக்கும். குழம்பு கொதிச்சா அது செத்துரும். வெள்ளரிக்காயக் கொதிக்க வச்சீகளா?" என்றார்.

தப்பு என் கையில்தான், சாமியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்று சம்பந்தியிடம் கும்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு யார் சமையல் என்று கேட்டார். பரமக்குடிச் சமையல்காரர்கள் என்றேன்.

"நீங்க அடுப்பங்கரைப் பக்கமே வாரதில்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க. பரிசம் போட்ருவோம்."

அந்த இடத்திலேயே சத்தியம் செய்தேன். கல்யாணத்தன்று தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடச் சமையல் பந்தலை எட்டிப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு வீட்டில் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அண்டாத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். சம்பந்தி எத்தனை தடவை எழுந்து ஓடினார் என்று நான் எழுதவில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம்.