நொட்டாங்கைப் பூதங்கள்

இன்பராஜுக்குப் பிறவியிலேயே நொட்டாங்கைப் பழக்கம், எதற்கும் இடக்கைதான் முந்தும். வேறு வீட்டில் பிறந்திருந்தால் அடித்தாலும் ஒரு வருஷத்தில் விட்டிருப்பார்கள். அவன் பிறந்தது வாத்தியார் வீடு. அப்பா தேவாசீர்வாதம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். மகனும் அந்த வகுப்பிலேயே வந்து உட்கார்ந்ததால் தப்பிக்க வழியே இல்லாமல் போயிற்று.

அந்தப் பக்கத்தில் வலக்கைக்குப் பெயர் சோத்துக்கை. மற்றதற்கு என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பையன் சிலேட்டுக்குச்சியை அந்த மற்றக் கையில் பிடித்தான். போதாததற்கு, அவன் எழுதிய 'அ'வும் 'ஆ'வும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றன. வாத்தியார் பிரம்பால் பார்த்தார், முட்டி போட வைத்துப் பார்த்தார், கடைசியில் தன் தோள் துண்டால் அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் இன்பராஜ் சோத்துக்கையால் எழுதக் கற்றுக்கொண்டான். ஆனால் அந்தக் கையெழுத்தை அவனாலேயே திரும்பப் படிக்க முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பையன் எதற்கும் லாயக்கில்லை என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். வாத்தியார் சொன்னால் ஊர் நம்பத்தான் செய்யும்.

நாற்பத்தேழாம் வருஷம் இன்பராஜ் சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் கல் தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். அப்போதெல்லாம் தீப்பெட்டி லேபிளைப் பலகை அகலச் சுண்ணாம்புக் கல்லில் மெழுகு மசியால் வரைந்து, அதிலிருந்துதான் தாளில் எடுப்பார்கள். அச்சு முடிந்த கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழிப்பது இன்பராஜின் வேலை. கல்லில் இருப்பது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும் என்பதால், எழுத்தைக் கல்லில் திருப்பித்தான் எழுத வேண்டும். ஆர்டிஸ்டுகள் மெல்லிய தாளில் எழுதி, அதைக் கவிழ்த்துப் போட்டுக் கல்லில் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு சீசனில் ஆர்டிஸ்ட் காய்ச்சலில் படுத்துவிட, லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்க, சேவல் படத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் பாக்கி நின்றது. கல் தேய்க்கிற இன்பராஜ் பேனாவை நொட்டாங்கையில் எடுத்தான். தாளும் இல்லை, கோடும் இல்லை, 'பாதுகாப்பான தீக்குச்சிகள்' என்று நேராகக் கல்லிலேயே திருப்பி எழுதி முடித்தான்.

முதலாளி சங்கரபாண்டியன் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து கல்லுக்கு நேரே பிடித்தார். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. இதை யாரிடம் படித்தாய் என்று கேட்டார்.

"படிக்கலை மொதலாளி," என்றான் இன்பராஜ். "எங்கப்பா இதுக்குத்தான் என்னைய அடிச்சாக."

அன்றைக்குக் கிடைத்த ஆர்டிஸ்ட் நாற்காலி பதினைந்து வருஷம் மாறவில்லை. கிளி, சேவல், தாமரை, கப்பல், குத்துவிளக்கு என்று அவன் வரைந்த லேபிள்கள் நாட்டின் பாதி அடுப்படிகளில் கிடந்தன. ஒன்றிலும் அவன் பெயர் கிடையாது. லேபிளில் கம்பெனி பெயர்தான் இருக்கும், வரைந்தவன் பெயரை யார் போடுவார்கள்? அச்சகத்துக்குள் நொட்டாங்கை, வாசல் படி தாண்டினால் சோத்துக்கை என்று அவன் இரண்டு ஆளாக வாழப் பழகியிருந்தான்.

மனைவி இசபெல் நர்ஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தேவாசீர்வாதம் அவர்களோடுதான் இருந்தார். அறுபத்திரண்டாம் வருஷம் தவக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. வலக்கைதான் போய்விட்டது. இடக்கையால் எடுத்துச் சாப்பிடுங்கள், கரண்டி வேண்டுமானாலும் தருகிறேன் என்று இசபெல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நான் இன்னும் அந்த நெலமைக்கு வந்துறலை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊட்டிவிட்டால் சாப்பிடுவார். இசபெலுக்குப் பகல் டியூட்டி இருக்கிற நாளில், தலைமாட்டில் மூடி வைத்த சோறு மூடியபடியே ஆறிக் கிடக்கும். இன்பராஜ் சாயங்காலம் வந்து ஊட்டப் போனால் பசியில்லை என்பார். மகன் கையால் வாங்கித் தின்ன அவருக்கு வெட்கம். ஆனி மாதம் பிறப்பதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். என்னதான் அடித்திருந்தாலும் அப்பா பட்டினி கிடப்பதைப் பார்க்க இன்பராஜுக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞானபூரணி டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். விருதுநகரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். பூதம் வரும், பிடித்துக்கொண்டு போகும் என்று தாய்மார்கள் மிரட்டி மிரட்டி, அவர் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தனியாகத் தண்ணீர்ப் பானைக்குப் போகக்கூடப் பயந்தன. அதனால் அவரே ஒரு கதை எழுதியிருந்தார். கண்மாய் மடைக்குள் ஒரு பூதக் குடும்பம் குடியிருக்கிறது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஊர்க்காரர்கள் பூதத்துக்குப் பயப்படுகிறார்கள். கடைக்குட்டிப் பூதம் ஊர்க்காரர்களுக்குப் பயப்படுகிறது. மழையில் கரை உடையும்போது அப்பா பூதம் குறுக்கே படுத்துத் தண்ணீரைத் தடுக்கிறது. கடைசியில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பூத வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார்கள். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். முதல் பக்கத்தில் 'படங்கள்: தே. இன்பராஜ்' என்று போட வேண்டும் என்று டீச்சர் அவராகவே சொன்னார்.

இன்பராஜ் அந்த ஒரு வரியை மனதுக்குள் எத்தனை முறை படித்தானோ. அச்சானதும் முதல் புத்தகத்தை அப்பா மடியில் வைத்துவிட வேண்டும், லாயக்கில்லாதவன் பெயரை அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று கிடந்து துடித்தான்.

லேபிளுக்கு மாதிரிப் படம் வரும். பூதத்துக்கு யார் மாதிரி தருவார்கள்? தாளில் வரைந்து பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல் நேராகக் கல்லிலேயே வரைந்தான். அப்பா பூதத்தின் கோரைப் பல்லும் தொப்பையும் நன்றாக வந்தன. முகம் மட்டும் பயமுறுத்தியது. பயத்தைக் குறைக்க மூக்குக் கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டான். அவன் மனப்பாடமாக வரையக்கூடிய கண்ணாடி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பக்கக் காம்பு ஒடிந்து நூல் கட்டிய வட்டக் கண்ணாடி. போட்ட பிறகுதான் அது யாருடையது என்பது அவனுக்கே உறைத்தது. அழிக்க மனசு வரவில்லை.

ஆவணியில் முதல் தாள் இறங்கியது. மிஷின் ஓட்டுகிற அப்துல் குத்தூஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகிற வழியில் அதை ஈரத்தோடு தூக்கிப் பார்த்தார். விருந்துப் பக்கத்தில் கண் நின்றது.

"என்ன அண்ணே," என்றார், "அம்புட்டுப் பேரும் நொட்டாங்கையிலே திங்குறாக?"

இன்பராஜ் ஓடிவந்து பார்த்தான். அப்பா பூதம், அம்மா பூதம், பிள்ளைப் பூதங்கள், எதிர்வரிசையில் ஊர்ப் பிள்ளைகள், எல்லாருடைய இடக்கையும் வாயில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அவன் அந்தப் பக்கத்தைத்தான் ரொம்ப ஜாக்கிரதையாக வரைந்திருந்தான். சின்ன வயதில் வாங்கிய அடி மறக்குமா? ஒவ்வொரு பூதத்துக்கும் பார்த்துப் பார்த்துச் சோத்துக்கையால் ஊட்டிவிட்டிருந்தான், கல்லில். கல்லில் சோத்துக்கை என்றால் தாளில் நொட்டாங்கை. எழுத்தைத் திருப்ப அவன் கைக்குத் தெரியும், படத்திலுள்ள கையும் திரும்பும் என்று தோன்றவில்லை. தீப்பெட்டியில் யாரும் சோறு தின்பதில்லை அல்லவா? பதினைந்து வருஷமாக இந்தத் தப்புக்கு இடமே வரவில்லை.

முதலாளி பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. புத்தகம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சரக்கு, எந்தத் தகப்பன் வாங்கிக் கொடுப்பான் என்றார். மறுபடி வரைய நாளும் இல்லை. தீபாவளிப் பட்டாசு லேபிள் ஆர்டர்கள் வரிசையாக நின்றன, பதினாறு பக்கமும் இருந்த நாலு கல்லும் திங்கட்கிழமை தேய்ப்புக்குப் போக வேண்டும். சனிக்கிழமை டீச்சர் வருவார். சரி என்றால் அன்றைக்கே அச்சு, இல்லையென்றால் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துவிட வேண்டியதுதான் என்று முடித்துவிட்டார். கல்லைத் தேய்த்தால் படத்தின் சுவடுகூட மிஞ்சாது என்பது கல் தேய்த்தே பிழைத்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்பராஜுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அழிந்துபோவது ஒரு வேதனை என்றால், அச்சாகி அப்பா கண்ணில் படுவது அதைவிடப் பெரிய வேதனையாகத் தோன்றியது. கை விழுந்து கிடக்கிற மனிதர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பூதம் நொட்டாங்கையால் தின்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கேலி செய்கிறான் என்றுதானே?

சனிக்கிழமை டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். இன்பராஜ் தாளை நீட்டி, தப்பு தன்னுடையதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் விருந்துப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எந்தக் கையால் வரைந்தீர்கள் என்று கேட்டார். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். நாற்பது வயதை நெருங்குகிற மனிதன்.

"எங்கிட்டப் படிக்கிறதுல மூணு பிள்ளைக நொட்டாங்கைக," என்றார் டீச்சர். "அதுகளை நானும் அடிச்சிருக்கேன். படத்துல கை வைக்காதீக. கீழே இருக்கிற வரியை மட்டும் மாத்துங்க."

பையிலிருந்து பென்சிலை எடுத்து அங்கேயே இரண்டு மூன்று வரி எழுதிக் கொடுத்தார். இன்பராஜ் பழைய வரியைக் கல்லிலிருந்து சுரண்டிவிட்டுப் புதியதைத் திருப்பி எழுதினான். முதலாளி முணுமுணுத்தார், ஆனாலும் மிஷினை ஓட்டச் சொன்னார்.

புத்தகம் வந்தது. அப்பா மடியில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அதைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தான். நர்ஸிடம் எதையாவது ஒளிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் இசபெல் அதை எடுத்து மாமனார் மடியில் போட்டுவிட்டாள்.

"ஒங்க மகன் பேரு போட்டிருக்கு மாமா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தேவாசீர்வாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்திலேயே நேரம் போயிற்று. பிறகு இடக்கை விரலால் ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். வாத்தியார் பழக்கம், வாய்விட்டுத்தான் படிப்பார். கரை உடைகிற இடம் தாண்டியது. இன்பராஜ் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். விருந்துப் பக்கம் வந்தது.

"பூத வீட்டில் எல்லாரும் இடக்கையால்தான் சாப்பிடுவார்கள்," என்று படித்தார். "விருந்துக்குப் போன இடத்தில் அவர்களைப் போலச் சாப்பிடுவதுதானே மரியாதை? பிள்ளைகளும் இடக்கையால் சாப்பிட்டார்கள்."

படிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி அதில் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"ஏலே, இந்தப் பூதம் மாட்டியிருக்கிறது யாரு கண்ணாடி?"

"ஒங்களுதுதாம்ப்பா."

"எந்தக் கையால வரைஞ்சே?"

"நொட்டாங்கையாலதான்."

அவர் புத்தகத்தை மூடித் தலைமாட்டில் வைத்தார். இசபெல் கறிக்குழம்பு ஊற்றிய சோற்றைக் கொண்டுவந்து வழக்கம்போல் வலப்பக்கம் வைத்து, பிசைந்து ஊட்ட உட்கார்ந்தாள்.

"தட்டை இந்தப் பக்கம் தள்ளி வையி தாயி," என்றார் தேவாசீர்வாதம்.

தட்டு இடப்பக்கம் போயிற்று. முதல் கவளத்தில் பாதி வேட்டியில் விழுந்தது. யாரும் துடைக்கப் போகவில்லை. இரண்டாவது வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. எதிரே சாப்பிட உட்கார்ந்த இன்பராஜ் வலக்கையைத் தட்டில் வைக்கப் போனவன் எழுந்து போனான். இடக்கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, அந்த வீட்டில் முதல் தடவையாக அதனால் சோற்றைப் பிசைந்தான். அப்பா பார்த்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார். இசபெல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அவளுக்குத்தான் கடைசிவரை அது வரவே இல்லை, பாதிச் சோறு மடியில் கிடந்தது.