பாஸ்ஸு புதைத்த பச்சைக் கற்கள்

என் தங்கை புருஷன் பாஸ்ஸு தன் கல்யாணத்தன்றே தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தவன். எங்கள் அட்லஸ் மலைச்சரிவில் செம்பு கலந்த பச்சைக் கற்கள் கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் துளை போட்டுப் பார்த்தார்கள், பிறகு தலைநகர் ரபாத்திலிருந்து அரசாங்க ஆட்கள். ஒன்றும் தேறாது என்று இரு தரப்பாருமே போய்விட்டார்கள்.

"ஒண்ணுமில்லாத மலைக்கு எவனாவது ரெண்டு தடவ வருவானா, மச்சான்?" என்றான் பாஸ்ஸு.

அடுத்தவன் வருவதற்குள் கற்களையெல்லாம் பொறுக்கி, கழுதைமேல் ஏற்றிவந்து, தன் ஆட்டுப்பட்டியில் புதைத்தான். மழையில் அந்தச் செம்பு கரைந்து கீழே ஓடைக்குப் போனது. பிறகு வந்த சுரங்கக் கம்பெனிக்காரி ஓடை மணலைச் சோதித்தாள். செம்பு கூடிக்கொண்டே போன பக்கமாக ஏறி, நேராகப் பட்டியில் வந்து நின்றாள்.

துளை போடும் இயந்திரம் பட்டிக்குள் நுழைந்ததும் பாஸ்ஸு என்னை முறைத்தான். "நீதான போட்டுக் குடுத்த?"

மேலே கொஞ்சம் பச்சை, அடியில் வெறும் பாறை. அவளும் ஒன்றுமில்லை என்று சொல்லி, துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பாஸ்ஸு கடப்பாரையோடு பட்டியில் நின்றான்.

"கல்லப் பொதச்சதே நீதான மாப்ள?"

"அது வேற மச்சான். ஒண்ணுமில்லாத குழிய எவளாவது சிமெண்ட் போட்டு மூடுவாளா?"