மூன்றாம் தடவையில் விட்டுப்போன கதவு

வடக்கே, லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு இரும்பு பீரோவுக்கு இரண்டு மாதம் இறக்கை முளைத்திருந்தது. விமானி அறையின் பெரிய படம் ஒன்றை அதன் மேல் ஒட்டி, எதிரே சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள் சித்தி. பக்கத்தில் பிரம்பு மோடாவில் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தி ஹரியானாப் பக்கம் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் பழகினாள். லைசென்ஸுக்கான பறக்கும் தேர்வில் ஒரு தடவை தோற்றிருந்தாள். பதற்றத்தில் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாளாம். அடுத்த வாரம் மறு தேர்வு.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பட்டியலை நான் வரிவரியாக வாசிக்க வேண்டும். அவள் படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் "செக்" என்பாள். நடுவில் யார் குறுக்கே வந்தாலும் முதல் வரியிலிருந்து மறுபடியும். "பீரோவ ஓட்டுததுக்கே இந்தப் பாடா!" என்பாள் அம்மா.

அன்று காலையிலேயே அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. தென்காசியிலிருந்து தாத்தா சாயங்காலம் போன் செய்வார். சித்தியை வெள்ளிக்கிழமை ரயில் ஏறச் சொல்லப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். போனால் தேர்வு போச்சு. சித்திக்கும் அது தெரிந்திருந்தது. தாத்தா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

போன் வந்தபோது நாங்கள் பட்டியலைத் தொடங்கியிருந்தோம். சட்டம் சட்டம்தானே! "ஏக் மினிட் தாத்தா, சித்தி பிளேன்ல இருக்கா, லைன்லயே இருங்க" என்று ஸ்பீக்கரை அமுக்கி மேஜையில் வைத்தேன். சித்தி பீரோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சீட்." "செக்." "டோர்." "செக்." அம்மா கொத்தமல்லி எங்கே என்று கேட்டாள். மறுபடி முதலிலிருந்து. பாதியில் காய்கறி விற்கும் பையா கதவைத் தட்டினான். மறுபடியும் முதலிலிருந்து. கீழே பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை நான் விறுவிறுவென்று வாசித்து முடித்தேன்.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அப்பா..."

தாத்தாவின் குரல்: "ஏட்டி, மொத ரெண்டு தடவையும் டோர்னு ஒண்ணு சொன்னிய. இப்பம் அதக் காணுமே. கதவச் சாத்தாமலா வண்டிய எடுப்ப?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். தாண்டியவள் நான்தான்.

"இன்னொரு தடவ சொல்லட்டுமாப்பா?"

"சொல்லு. அந்தப் பிள்ளைய நிதானமா வாசிக்கச் சொல்லு. அவ என்ன, ரயிலுக்கா போறா?"

நாலாவது தடவை நான் எழுத்து எழுத்தாக வாசித்தேன். சித்தியின் விரல் ஒவ்வொன்றையும் அழுத்தித் தொட்டது. டோர் வந்தபோது அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்டது. கடைசி வரி முடிந்ததும், "ம், சரி" என்று தாத்தா போனை வைத்துவிட்டார். சித்தி பீரோவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அடுப்படி வாசலில் அம்மாவும் அழுதாள். நான் செய்த தப்புக்கு இரண்டு பேர் அழுகிறார்களே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் குளறுபடியில்தான் தாத்தா சொல்ல வந்ததை மறந்துவிட்டார் என்று நினைத்து, தப்பைச் சரிக்கட்ட மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் நானே போன் போட்டேன். "தாத்தா, சித்தியோட ட்ரெயின் விஷயம் சொல்ல மறந்துட்டீங்க."

"ஆமாட்டி" என்றார் தாத்தா. "வயசாயிட்டுல்லா. மறந்தே போச்சி."

சித்தி அடுத்த வாரம் தேறினாள். மூன்று தடவையில் ஒரு கதவு விட்டுப்போனதைக் கண்டுபிடித்த மனிதருக்கு ஞாபகமறதி என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.