நேரலை வண்டிக்கு வயரிங் செய்தேன்

அந்த வண்டி ஓடாது என்று எனக்கு மூன்றாவது நாளே தெரியும். தெரிந்தும் நாற்பது நாள் அதற்குள் உட்கார்ந்து வயரிங் செய்தேன்.

தேனியில் யுபிஎஸ், ஜெனரேட்டர் வேலை பார்ப்பவன் நான். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அந்த வண்டியின் முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் சொந்தமில்லை. பஜாரில் ஒரு மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்திவந்தார். ஒரு காலத்தில் கம்பம் வரைக்கும் ஜனங்கள் கோயில் திருவிழாவையும் கபடிப் போட்டியையும் அவர் சேனலில்தான் பார்த்தார்கள். பிறகு எல்லோர் கைக்கும் போன் வந்தது. தெருத்தெருவாகக் கேபிளைக் கழற்றச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அவர் கடைசியாக ஒன்று செய்து பார்க்க நினைத்தார். நான்கு கேமராக்களை இணைத்து, விழா நடக்கும் இடத்திலிருந்தே படத்தைக் கோத்து நேரலையாக அனுப்பும் வண்டி.

“மதுரைக்குத் தெக்க நம்மகிட்ட மட்டுந்தாம்ப்பா இருக்கும்” என்றார்.

பின்னால் இரும்புப் பெட்டி கட்டிய பழைய லாரி ஒன்றை வாங்கி, பெரியகுளம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். முதல் இரண்டு நாளில் ஜெனரேட்டரையும், கரண்ட் ஏறி இறங்கினால் சமாளிக்கும் பெரிய ஸ்டெபிலைசரையும் ஏற்றினோம். ஸ்டெபிலைசரைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எர்த் வயர் இழுக்க வண்டிக்கு அடியில் படுத்தேன். வளைந்து நிற்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் அப்போதே நேராகப் படுத்துக் கிடந்தன. கருவிகளும் ரேக்குகளும் இன்னும் ஏறவே இல்லை.

“அண்ணே, பட்ட படுத்துருச்சு” என்றேன்.

“பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். நீ ஒன் வேலையப் பாரு.”

வேலையைப் பார்த்தேன். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த அந்த முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் களை இருந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவரை மதினி என்று கூப்பிடுவேன். சனி, ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவார். ஒருநாள் அண்ணன் கை கழுவப் போன நேரத்தில் கேட்டார்.

“ஒங்களத்தான் நம்பிக் கேக்கேன் தம்பி. இது நடக்குமா? அவுக எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாக.”

“நடக்கும் மதினி” என்றேன். அவர் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி தயிர் ஊற்றினார்.

ரேக்குகள் மூன்று. ஆள் உயர இரும்புச் சட்டங்கள். மேடுபள்ளத்தில் குலுங்கினாலும் கருவிகள் ஆடாதபடி, காலுக்கு ரப்பர் வைத்துத் தரையிலும் மேலே கூரைச் சட்டத்திலும் போல்ட் போட்டு முடுக்கினேன். கரண்ட் வயர் எல்லாம் இடது பக்கம், வீடியோ வயர் எல்லாம் வலது பக்கம். ஒவ்வொரு வயர் நுனியிலும் எண் எழுதி ஒட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. உருப்படாத ஒன்றுக்கு என்று தெரிந்தே செய்தேன்.

ஆர்.டி.ஓ. சோதனைக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். மார்க்கெட் பக்கம் எடை மேடையில் ஒரு தக்காளி லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். எங்கள் வண்டி ஏறியதும் எடை போடுபவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“உள்ள ஆளுக நிறைய இருக்காகளா?”

“யாருமில்ல” என்றார் அண்ணன்.

“அப்ப இந்த வண்டி தாங்காதுண்ணே.”

வண்டியைக் கொட்டகைக்குத் திருப்பினார். வந்ததும், “எத எறக்கலாம்?” என்றார். கேமராக் கருவிகளை இறக்கினால் வண்டிக்கே அர்த்தமில்லை. மிச்சம் ஜெனரேட்டரும் ஸ்டெபிலைசரும்தான்.

“அது ரெண்டும் இல்லைன்னா வெளிக் கரண்ட நம்பணும்ணே.”

“கரண்ட் இல்லாத ஊரு எங்கன இருக்கு?”

இரண்டையும் நானே கழற்றி, ஆள் வைத்து இறக்கினேன். அதன்பிறகு எடை சரியாக வந்து, சோதனையும் முடிந்தது. வோல்டேஜ் அளவுக்கு மீறினால் உடனே துண்டித்துவிடும் சின்ன கட்-ஆஃப் ஒன்றை மதுரையில் சொல்லி வைத்தேன். அது வந்து சேருவதற்குள் வேலை வந்துவிட்டது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதா கோயில் திருவிழா. காலைப் பூசையை நேரலை செய்ய அங்குள்ள பங்குச் சாமியார் அண்ணனுக்கு வாய்ப்புக் கொடுத்தார். சீரியல் விளக்குக்காரர் கொண்டுவந்த ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்குக் கரண்ட். மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பூசை தொடங்கியது. அண்ணன் மைக் வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, நான்கு படங்களுக்கும் முன்னால் உட்கார்ந்து கேமராப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “ரெண்டு, கூட்டத்தக் காட்டு. மூணு, பீடத்துக்குப் போ.” அவர் குரலில் இருபது வயது குறைந்துவிட்டது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் செய்தி அனுப்பினாள்: ‘எங்க ஆத்தா முன்வரிசையில நீலச் சேலையில நிக்கிறாக, காட்டுங்க.’ அண்ணன் தேடிப் பிடித்துக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மகளிடமிருந்து பதில் வந்தது, வெறும் அழுகிற முகங்கள்.

பிரசங்கம் பாதியில் இருந்தபோது வண்டிக்குள் விளக்கு திடீரென்று கண் கூசும்படி எரிந்தது. ஃபேன் கீச்சிட்டது. ஜெனரேட்டரில் நியூட்ரல் வயர் கழன்று, கண்ட வோல்டேஜ் உள்ளே பாய்ந்திருக்கிறது. மெயினை நான் அணைப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி ஆகிவிட்டது. ரேக்குகளில் பச்சை விளக்குகள் செத்திருந்தன. கருகல் நாற்றம். வெளியே பிரசங்கம் தடையில்லாமல் கேட்டது. கோயில் மைக்குக்கு வேறு லைன்.

பூசை முடிந்து சாமியார் வந்து எட்டிப் பார்த்தார். “கவலப்படாதீக. பாடகர் குழுப் பொண்ணு ஒண்ணு போன்லயே கடைசி வரைக்கும் காட்டிருச்சு. வெளிநாட்டுல இருக்கவுக எல்லாரும் பாத்துட்டாக.” ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் நான் அண்ணனிடம் சொன்னேன். “அந்த கட்-ஆஃப் இல்லாம நான் வண்டியக் கெளப்ப விட்டுருக்கக் கூடாதுண்ணே. பட்டையப் பத்தியும் அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும்.”

அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். “வாங்குன அன்னைக்கே மெக்கானிக் சொன்னாருப்பா, பாரம் தாங்காதுன்னு. எனக்குத் தெரியும். யாராச்சும் நிறுத்துவீகன்னு பாத்தேன். நீயும் நிறுத்தல.”

நான் ஜெனரேட்டரிலிருந்து எங்கள் வயரைக் கழற்றிச் சுருட்டினேன்.

நாற்பது நாள் செய்ததைப் பிரிக்க ஒன்றரை நாள்தான் ஆனது. ரேக்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. வண்டியைக் கேரளாவுக்கு வாழைத்தார் ஏற்றுகிற ஒருவர் வாங்கிக்கொண்டார். பஜார் மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

அண்ணன் கம்பம் பக்கம் மச்சினனின் திராட்சைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறார். போன மாதம் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார். போய்ச் சரிசெய்தேன். இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றி மட்டுமே பேசினோம். பையை எடுத்துக்கொண்டு, “வேற எதும் வேல இருந்தாச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

“இங்கன வேற என்னப்பா வேல இருக்கு” என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனார்.