மணி அடித்த பிறகு சொன்ன பதில்

வாசகரே, சாட்சியாக நின்று கேளுங்கள். தீர்ப்பை நான் கேட்கவில்லை. காக்ஸ் டவுன் பள்ளிக்கூட மண்டபத்து மேசைமேல் ஒரு பித்தளை மணி இருக்கும். பேச்சாளரின் நேரம் முடிந்ததென்று தலைவர் அதைத் தட்டுவார். அது அடித்த பிறகும் ஒரே வாக்கியத்தில் சபையைக் கைதட்ட வைப்பவன் என்று எனக்குப் பெயர்.

அந்தப் பெயருக்காகத்தான் வீட்டுக் கடன் சங்கத்துச் செயலாளர் என்னை அழைத்தார். பிளேக்குக்குப் பயந்து நெரிசலை விட்டு வெளியேறியவர்கள் புது மனைகளில் வீடு கட்டச் சங்கம் கடன் கொடுத்தது. அப்படிக் கொடுக்கச் சங்கத்திடம் ஏது பணம்? நகரசபை பிணை நிற்க, கடன் பத்திரங்களை அச்சிட்டுப் பொதுமக்களிடம் விற்றது. வாங்கியவர்களுக்கு ஆண்டுதோறும் வட்டி. அடமானத்தில் இருக்கும் வீடுகளே அதற்குக் காப்பு. “உங்கள் பெட்டியில் உறங்கும் ரூபாய் இன்னொருவன் தலைக்குமேல் கூரையாகட்டும்” என்று, பத்திரம் வாங்கச் சொல்லி அந்த மண்டபத்தில் முழங்கினேன். “கைதட்டினா வட்டி ஏறுமா சாமி?” என்றார் ஒரு மரக்கடைக்காரர். சபை சிரித்தது.

மணி அடித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து, அந்தப் பள்ளியின் பாலர் வகுப்பு டீச்சரம்மா மடக்கிய குடையோடு எழுந்தார்.

“தம்பி, ஒரு அவசரம்னா பணத்தைத் திரும்பத் தருவாங்களா?”

எனக்குத் தெரியாது. பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. வட்டியைப் பற்றிய வரியைத் தவிர எதையும் நான் படித்திருக்கவில்லை. செயலாளரோ வெளிவாசலில் விண்ணப்பத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தெரியாது என்று மேடையில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“கேட்ட மறுநாளே, அம்மா” என்றேன். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. டீச்சரம்மாவும் அன்றே ஒரு பத்திரம் வாங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் கணவருக்குக் காசநோய் கண்டது. உடனே மதனப்பள்ளி காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார் டாக்டர். பத்திரத்தோடு அவர் சங்கத்துக்கு வந்த மாலையில் நானும் அங்கே இருந்தேன்.

“பத்து வருஷம் ஆகணும்மா” என்றார் செயலாளர். “வீடு கட்டினவங்க மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் திருப்பிக் கட்டுறாங்க. உங்க காசெல்லாம் இப்போ செங்கல்லா நிக்குது.”

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். “மறுநாளேன்னு சொன்னீங்களே, தம்பி.”

அவர் குடையை எடுத்துக்கொண்டார். “பரவாயில்லை. நானும்தான் கைதட்டினேன்.”

பத்திரத்தைக் கைமாற்ற ஆள் தேடினார். பாதி விலைக்கும் எவரும் முன்வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே கணவரை அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளில் இன்று குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சன்னலுக்குள்ளிருந்து இருமல் கேட்கிறது. யாருக்கோ சளி பிடித்திருக்கும். என் காதுக்கு அது அந்தக் கணவரின் இருமல்தான். டீச்சரம்மா எதிரே வந்தால் இப்போதும் “ஸ்தோத்திரம், தம்பி” என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

அடக்கம் முடிந்த மறுமாதம், அடுத்த பத்திர விற்பனைக்காக அதே மண்டபத்தில் பேசினேன். பத்து வருடக் கெடுவை முதல் வாக்கியமாகச் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. மணி அடித்தது. பின்வரிசையில் டீச்சரம்மா அன்று அமர்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்தே, சபை முழுவதும் கேட்கச் சொன்னேன்: “எனக்குத் தெரியாததை இனி எந்த மேடையிலும் தெரியாது என்றே சொல்வேன், அம்மா.”